கேட்காமல் எடுக்கும் அடையாளம்: பிரவுசர் கைரேகை குறித்து எங்கள் நிலைப்பாடு

நீலகிரியின் கேரள எல்லையோரம் உள்ள நாடுகாணி, தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில் கணினி மையம், ஜெராக்ஸ் கடை, தங்கும் விடுதி, வாடகை ஜீப் நடத்துபவர்களின் கூட்டமைப்பு நாங்கள். இணையதளம் பார்க்க வருபவரின் பிரவுசரிலிருந்து அவரைக் கேட்காமலே விவரங்களைத் திரட்டி, அதை வைத்தே அவரை அடையாளம் பிடித்து, தளம் தளமாகப் பின்தொடரும் வழக்கத்தை எதிர்க்கிறோம். அப்படித் திரட்டும் விவரம் சட்டத்தின் பார்வையில் தனிநபர் தரவாகவே கொள்ளப்பட வேண்டும். விளம்பரத்துக்காக அதை எடுப்பவர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இதுதான் எங்கள் நிலைப்பாடு. செக்போஸ்ட் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். செக்போஸ்ட் ஊர்க்காரர்கள் என்பதால்தான் அக்கறை.

2024 ஏப்ரல் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அடுத்து, அதே ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்துக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கேரளத்தின் வழிக்கடவிலிருந்து சுரம் ஏறி வரும் வண்டி முதலில் நிற்கும் இடம் நாடுகாணி. கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, பாட்டவயல், சோலாடி, தாளூர் எல்லாவற்றிலும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள், போனில் இருக்கும் பாஸைக் காட்டச் சொல்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. விடுதிக்காரருக்கு ஒரு நியாயம், காட்டைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு வேறு நியாயம். ஆனால் சண்டை போட முடிகிறது. வண்டி நம்பர், வரும் ஆள் எண்ணிக்கை, தங்கும் இடம் என்று என்னென்ன கேட்கிறார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பதும் தெரிகிறது. பிடிக்காதவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள். பிரவுசரில் நடப்பது இப்படியில்லை. அங்கே தடுப்புக் கம்பும் இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை; சோதனை மட்டும் நடந்து முடிந்துவிடுகிறது.

எப்படி என்று சொல்கிறோம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், உங்கள் பிரவுசர் அந்தத் தளத்துக்கு முதலில் ஒரு வரி அனுப்பித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. யூசர் ஏஜென்ட் என்பார்கள். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோம் அனுப்பும் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: மொசில்லா/5.0 (லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/124.0.0.0 மொபைல் சஃபாரி/537.36. குரோம் ஏன் மொசில்லா என்றும் சஃபாரி என்றும் சொல்லிக்கொள்கிறது? அது 1990-களின் கதை. அப்போது நெட்ஸ்கேப் பிரவுசரின் உள்பெயர் மொசில்லா. அதற்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டி, மற்றவற்றுக்கு மொட்டைப் பக்கத்தைக் காட்டின பல தளங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தபோது தானும் மொசில்லாதான் என்று சொல்லி உள்ளே நுழைந்தது. பின்னால் வந்த ஒவ்வொன்றும் முன்னதன் பெயரைக் கூடவே ஒட்டிக்கொண்டது. 2008-ல் வந்த குரோம் எல்லாருடைய பெயரையும் சேர்த்தே சொல்கிறது. முப்பது வருடமாக எல்லோரும் பொய் சொல்லி, எல்லோரும் அதை ஏற்றுக்கொண்ட ஒரு வரி இது.

இந்த வரியில் முன்பு போனின் மாடல் எண்ணும் ஆண்ட்ராய்டின் உண்மையான பதிப்பும் இருந்தன. 2023 வாக்கில் குரோம் அவற்றை எடுத்துவிட்டு, எல்லாப் போனுக்கும் பொதுவாக ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்று வைத்தது. நல்ல மாற்றம்தான், பாராட்டுகிறோம். ஆனால் மாடல் தேவை என்று தளம் தனியாகக் கேட்டால், குரோமே அதை எடுத்துக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. அப்போது திரையில் எந்தக் கேள்வியும் தோன்றாது.

யூசர் ஏஜென்ட் ஒன்று மட்டும் என்றால் இந்த அறிக்கைக்கே வேலையில்லை. திரையின் அளவு, நேர மண்டலம், மொழி அமைப்பு, கிராபிக்ஸ் சிப், நினைவகம், ஒளிந்திருக்கும் ஒரு படத்தைக் கணினி எப்படி வரைகிறது என்பதில் உள்ள நுண்ணிய வித்தியாசம், நிறுவியுள்ள எழுத்துருக்கள் என்று இருபது முப்பது சில்லறை விவரங்களை ஒன்றுசேர்த்தால் ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். இதைத்தான் பிரவுசர் கைரேகை என்கிறோம். ரேஷன் கடையில் வைக்கும் விரல்ரேகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே விரலை நாம்தான் வைக்கிறோம்.

எழுத்துரு விஷயம் எங்கள் ஊருக்கு நேராகவே பொருந்தும். எல்லையோரக் கடை ஒன்றின் டிடிபி கணினியைத் திறந்து பாருங்கள். மனு அடிக்க வானவில், திருமணப் பத்திரிகைக்கு பாமினி, பழைய அரசாணைக் கோப்பைத் திறக்க டாப், டாம் குறியாக்க எழுத்துருக்கள். மலப்புறத்திலிருந்து வருபவருக்காக எம்எல் என்று தொடங்கும் மலையாள எழுத்துருக்கள் ஒரு வரிசை. கூடவே தமிழ்99 விசைப்பலகை, மலையாள விசைப்பலகை. இப்படி ஒரு கூட்டு சென்னையில் ஒரு ஐடி அலுவலகத்தில் இருக்காது, கோழிக்கோட்டிலும் இருக்காது. கணினியின் பெயரை யாரும் கேட்க வேண்டாம்; எழுத்துருப் பட்டியலே போதும், எல்லையோரத்து இருமொழிக் கடை என்று சொல்லிவிடும். இரண்டு மொழி பேசுபவருக்கு இரண்டு எழுத்துருத் தொகுப்பு தேவைப்படுவது அவருடைய குற்றமில்லையே.

அந்தக் கணினியில் உட்கார்பவர்கள் யார்? செக்‌ஷன் 17 நிலத்தில் (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) குடியிருந்துகொண்டு பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் வழி தேடுபவர். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று விசாரிப்பவர். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள். நகைக்கடன் வட்டி பார்ப்பவர், உடம்புக்கு என்ன என்று தேடிப் பார்க்கும் பெண். வேலை முடிந்ததும் ஹிஸ்டரியை அழித்துவிடுங்கள், இன்காக்னிட்டோவில் திறந்துகொள்ளுங்கள் என்று நாங்களே அவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். தளங்கள் பிரவுசரில் விட்டுச்செல்லும் அடையாளக் கோப்பான குக்கீக்கு அது போதும். கைரேகைக்குப் போதாது. இன்காக்னிட்டோ ஜன்னலிலும் அதே திரைதான், அதே சிப்தான், அதே எழுத்துருக்கள்தான்.

இதில் மிகைப்படுத்தலும் புழங்குகிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். 2010-ல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வில், 4,70,000-க்கு மேற்பட்ட பிரவுசர்களில் 83.6 சதவீதம் வேறெதோடும் பொருந்தாமல் தனித்துத் தெரிந்தன. பல பேச்சுகளில் இந்த ஒரே எண்ணைத்தான் காட்டுகிறார்கள். அந்த ஆய்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தனியுரிமையில் ஆர்வமுள்ள, கணினியைத் தம் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருப்பவர்கள். 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் பொதுமக்கள் பார்க்கும் ஒரு பெரிய தளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளைச் சோதித்தபோது, 33.6 சதவீதம்தான் தனித்துத் தெரிந்தது, செல்போன்களில் 18.5 சதவீதம். எஸ்டேட் லைனில் பத்து வீட்டில் பத்துப் பேரும் அதே மாடல் போன் வைத்திருந்தால், அந்தக் கூட்டமே அவர்களுக்குக் காவல். சிக்கல் டெஸ்க்டாப்பிலும், ஊரில் ஒன்றிரண்டு பேர் மட்டும் வைத்திருக்கும் போனிலும்தான். தவிர, பிரவுசர் விவரத்தோடு இணைய முகவரியையும் இடத்தையும் சேர்த்துவிட்டால் அந்த 18.5 அப்படியே நிற்காது.

இந்த விவரத்தை வைத்து என்ன செய்வார்கள்? விடுதி நடத்துபவர்கள் என்ற முறையில் எங்களை உறுத்தும் உதாரணம் 2012-ல் வெளிவந்தது. ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பயணத் தளம், ஆப்பிள் மேக் கணினியில் வருபவர்கள் ஓட்டலுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைக் கண்டு, அவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களை முன்னே காட்டியது. ஒரே அறைக்கு இரண்டு விலை வைக்கவில்லை. காட்டும் வரிசையைத்தான் மாற்றினார்கள். அதற்குத் தேவைப்பட்டது, வந்த கணினி மேக்கா விண்டோஸா என்ற ஒரே தகவல். நம் நாட்டில் 2025 ஜனவரியில், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கட்டணம் வேறுபடுவதாக எழுந்த புகாரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரு நிறுவனங்களும் புகாரை மறுத்தன. மறுப்பு உண்மையாகவே இருக்கலாம். பயணிக்கு அதைச் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை என்பதே எங்கள் புகார்.

கூகுள் விவகாரத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். குக்கீயைப் போலக் கைரேகையைப் பயனரால் அழிக்க முடியாது, ஆகவே அது தவறு என்று 2019-ல் வெளிப்படையாகச் சொன்ன நிறுவனம் அது. 2024 டிசம்பரில் தன் விளம்பரக் கொள்கையை மாற்றியது. 2025 பிப்ரவரி 16 முதல், தன் விளம்பரச் சேவையைப் பயன்படுத்துபவர்கள் இத்தகைய நுட்பங்களைக் கையாளுவதற்கு இருந்த தடை விலகியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் இதைப் பொறுப்பற்ற செயல் என்று கண்டித்தது. இந்தியாவில் பெரும்பாலான போன்களில் இருப்பது ஆண்ட்ராய்டும் குரோமும்தான். அப்படியிருந்தும் இங்கே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். ஒருவரை இனங்காணத்தக்க எந்தத் தரவும் தனிநபர் தரவு என்று சட்டம் பொதுவாகச் சொல்கிறதே தவிர, கருவியின் அடையாளமும் அதில் சேரும் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ‘எங்களிடம் பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை, ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது’ என்று ஒரு விளம்பர நிறுவனம் வாதாட இந்த மௌனம் இடம் கொடுக்கிறது. ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டுக்குழு, குக்கீக்குத் தேவைப்படும் அனுமதி கருவிக் கைரேகைக்கும் தேவை என்று 2014-லேயே கருத்துச் சொல்லிவிட்டது. இங்கே தரவுப் பாதுகாப்பு வாரியமும் மத்திய அரசும் அதே அளவுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கோருகிறோம்.

18 வயதுக்குட்பட்டவரைப் பின்தொடர்வதையும் அவருக்குக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் கடையில் ஒரே கணினியில் பத்தாம் வகுப்புப் பையனும் அவன் தாத்தாவும் அடுத்தடுத்து உட்காரும்போது, கைரேகையை வைத்துப் பின்தொடரும் நிறுவனம் யாரைப் பின்தொடர்கிறது என்று அதற்கே தெரியாது. தெரியாத இடத்தில் பின்தொடராமல் இருப்பதே சட்டத்துக்குப் பொருந்தும்.

மொழி குறித்தும் ஒரு குறை. அனுமதி கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கச் சட்டம் வழிசெய்கிறது. தமிழும் மலையாளமும் கன்னடமும் அதில் இருக்கின்றன. பணியர் மொழியும் படகர் மொழியும் இல்லை. அறிவிப்பை வாசித்துக் காட்டும் ஒலி வடிவம் வேண்டும். குறைந்தபட்சம் நீலகிரிக்கென்று அரசு நடத்தும் சேவைகளிலாவது.

எதிர்த்தரப்பிலும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வங்கிகள் இதே நுட்பத்தை வைத்துத்தான் திருட்டு லாகினைப் பிடிக்கின்றன. உங்கள் கணக்கை வேறொரு ஊரிலிருந்து, வேறொரு கருவியில் யாரோ திறந்தால் உடனே எச்சரிக்கை வருவது இதனால்தான். சீசனில் பாஸையும் அறைகளையும் மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி விற்க நினைப்பவர்களைத் தடுக்கவும் இது உதவும். இதை நாங்கள் மறுக்கவில்லை. பாதுகாப்புக்காக எடுப்பது அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கட்டும், தேவை முடிந்ததும் அழியட்டும், விளம்பரக்காரர் கைக்குப் போகாமல் இருக்கட்டும். இந்த மூன்றுக்கும் உட்பட்டால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

தமிழக அரசிடம் கேட்பது வேறு. இ-பாஸ், இ-சேவை, பத்திரப்பதிவு, மின்கட்டணம் போன்றவை மக்கள் தவிர்க்கவே முடியாத தளங்கள். பிடிக்காவிட்டால் வேறு தளத்துக்குப் போகலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆகவே அரசுத் தளங்களில் மூன்றாம் தரப்பு விளம்பர நிரலும் பின்தொடரும் நிரலும் இருக்கக்கூடாது என்று ஓர் அரசாணை வேண்டும். இல்லவே இல்லை என்றால் அதைத் தணிக்கை அறிக்கையாக வெளியிடுவதில் சிரமம் இருக்காது. யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து, ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஐந்து வருடப் பழைய போன்தான் எங்கள் பகுதியில் பலருடைய ஒரே போன்.

மற்றவரிடம் கேட்பதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. எங்கள் உறுப்பினர் விடுதிகளில் பலவற்றின் இணையதளத்தில், வெப்சைட் செய்து கொடுத்தவர் போட்டுவிட்டுப் போன விளம்பர பிக்ஸல்கள் கிடக்கின்றன. யார் பார்த்தார்கள், எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்பது அதன் வழியாக வெளியே போகிறது. அதனால் விடுதிக்கு ஒரு அறைகூட அதிகமாக நிரம்பியதில்லை. அடுத்த கோடை சீசனுக்கு முன் அவற்றை எடுத்துவிட வேண்டும், எடுக்காத விடுதியின் பெயர் கூட்டமைப்பின் பட்டியலில் இடம்பெறாது என்று முடிவு செய்திருக்கிறோம். கணினி மையங்களில் வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கென்று தனி கணினி. அதில் டிடிபி எழுத்துருக்கள் நிறுவப்படாது, கைரேகைத் தடுப்பைக் கடுமையாக வைத்த ஃபயர்ஃபாக்ஸ் இருக்கும். அப்படி வைத்தால் சில தளங்கள் சரியாகத் திறக்காது. அந்த நேரத்தில் மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வேறு பிரவுசருக்கு மாறுவோம். டிடிபி வேலைக்கான கணினியில் வெளியாரின் தேடல் எதுவும் நடக்காது. இரண்டாவது கணினி வாங்க முடியாத சிறு கடைகளுக்கு என்ன செய்வது என்பது அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்கப்படும்.