வனத்தின் குரல்

பறவையின் குரலைப் பதிவு செய்யக் கற்பவர் முதலில் அடக்கப் பழக வேண்டியது யந்திரத்தையன்று, தம்முடைய வாயைத்தான். விடியற்காலையில் ஒரு நாழிகை பேசாமலும் அசையாமலும் உட்கார முடியுமானால் பாதி வித்தை கைவந்த மாதிரியே.

1935-ல் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் ஆலனும் பீட்டர் பால் கெல்லாக்கும் அமெரிக்காவின் லூயிஸியானா வனத்துக்குச் சென்றார்கள். தந்த நிற அலகுடைய ஓர் அபூர்வ மரங்கொத்தியின் குரலைப் பிடிப்பதே அவர்கள் நோக்கம். சேற்றில் லாரி செல்லாமற் போகவே, கருவிகளைக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், பறவையின் கூட்டுக்கருகே முகாமிட்டார்கள். (சாய்வு நாற்காலியில் இருந்தபடியே பதிவு செய்ய ஆசைப்படும் நேயர்கள் கவனிப்பார்களாக!) பெரிய கிண்ணம் போன்ற தகடு ஒன்று தூரத்து ஒலியைத் திரட்டி, அதன் முன்னே பொருத்திய மைக்கில் சேர்த்தது. குழந்தைகளின் தகர ஊதலையொத்த அந்தக் குரல், பேசும் படத்துக்குரிய பிலிமில் பதிவாயிற்று.

பின்னர் அந்த வனத்தை மரத்துக்காக வெட்டி வீழ்த்தினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அப்பறவை கடைசியாகக் காணப்பட்டது 1944-ல். குரல் மட்டும் சர்வகலாசாலையில் பத்திரமாக இருக்கிறது.

இக்காலத்தில் லாரியும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே தொடங்கப் போதும். காற்று மைக்கில் நேராக மோதாதபடி முதுகால் மறைத்துக்கொள்ளுங்கள். பறவை ஓய்ந்த பிறகு வாயைத் திறந்து, இடம், தேதி, நேரம் மூன்றையும் அந்தப் பதிவிலேயே சொல்லி வையுங்கள்.