இம்பாலான்னா ஆஹா, கான்டெசான்னா காயலான் கடையா?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். ஆணி புடுங்கற நேரத்துல படிச்சு டென்ஷன் ஆகாதீங்க, வீட்டுக்குப் போயி நிதானமா படிங்க.

நம்ம பதிவர்கள்ல கார் பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒருத்தர் 1959 இம்பாலாவோட வாலைப் படமாப் போட்டு "என்னா டிசைன்யா!"ன்னு உருகுறார். இன்னொருத்தர் மஸ்டாங், ஜி.டி.ஓ.ன்னு தொடர் பதிவே எழுதுறார். பின்னூட்டத்துல எல்லாரும் ஜொள்ளு. நல்லது, எனக்கும் அதெல்லாம் புடிக்கும். ஆனா அதே ஆளுங்க அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டோரமா புழுதி படிஞ்சு நிக்கற கான்டெசாவைப் பார்த்தா மட்டும் "எடைக்குப் போட வேண்டியதுதானே பாஸு"ங்கறாங்க. என் கோபமே இந்த ரெட்டை வேஷத்து மேலதான்.

முதல்ல கான்டெசா யாரு வீட்டுப் புள்ளைன்னு பார்ப்போம். 1972ல இங்கிலாந்துல வாக்ஸால் கம்பெனி விக்டர் எஃப்.இ.ன்னு ஒரு கார் விட்டுச்சு. அது 1976ல வி.எக்ஸ்.னு பேரு மாறி, 1978ல நின்னு போச்சு. அந்த அச்சு, டை எல்லாம் கப்பலேறி வந்துதான் 1984ல நம்ம ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட கான்டெசா ஆச்சு. வாக்ஸால் யாரு கம்பெனி? 1925லயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிட்டது. அதாவது இம்பாலாவும் கான்டெசாவும் ஒரே குடும்பம். அந்த நீட்டு மூக்கு, பின் சக்கரத்துக்கு மேல கோக் பாட்டில் மாதிரி வளைஞ்சு ஏறுற இடுப்பு எல்லாம் டெட்ராய்ட் ஜாடைதான். கார் கிளாஸிக் அமெரிக்கன் இல்லைன்னு வாதாடலாம், ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர் சாமானியன் கைக்கு எட்டின ஒரே ஒன்று விட்ட தம்பி அதுதான்.

"அதுல என்னப்பா பவர் இருந்துச்சு? அம்பாசடர் இன்ஜின்!"னு ஒரு கேள்வி வரும். கரெக்டு. ஆரம்பத்துல அந்தப் பெரிய உடம்புக்குள்ள 1,489 சிசி பழைய பி.எம்.சி. இன்ஜினைத்தான் வெச்சாங்க, யானைக்குள்ள ஆட்டுக்குட்டி இதயம் மாதிரி. அப்புறம்தான் இசுசுவோட 1,817 சிசி இன்ஜின் வந்து வண்டிக்கு மூச்சே வந்துச்சு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. கம்பெனியே இன்ஜினை மாத்தித்தான் அந்தக் காரைக் காப்பாத்துச்சு.

இப்ப அமெரிக்காவுக்கு வருவோம். அங்க பழைய கார் பொழைச்சுக் கெடக்கறது பணக்காரனோட மியூசியத்தாலன்னு நெனச்சா அது தப்பு. 1930கள்லயும் 40கள்லயும் தெற்கு கலிஃபோர்னியாவுல பசங்க மலிவா கெடைச்ச பழைய ஃபோர்டுகளை வாங்கி, பட்டறையில வெச்சு நோண்டினாங்க. விக் எடல்பிராக்னு ஒரு மெக்கானிக், ஃபோர்டு வி8 இன்ஜினுக்குன்னு தானே ஒரு இன்டேக் மேனிஃபோல்டு செஞ்சு 1938ல விக்க ஆரம்பிச்சார். 1955ல ஷெவர்லேயோட 265 கன அங்குல வி8 வந்துச்சு. கையடக்கமான, மலிவான இன்ஜின். ஒரு வருஷத்துப் பார்ட்டு இன்னொரு வருஷத்து இன்ஜின்ல பெரும்பாலும் உக்காரும். அதை வெச்சே ஒரு தொழிலே வளர்ந்துச்சு. 1963ல இந்த ஸ்பீடு பார்ட்ஸ் செய்யறவங்க ஒண்ணா சேர்ந்து 'செமா'ன்னு சங்கமே ஆரம்பிச்சாங்க.

இன்னும் கேளுங்க. மசில் கார் பிறந்ததே குறுக்கு வழியிலதான். நடுத்தர சைஸ் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல இன்ஜின் கூடாதுன்னு ஜி.எம்.ல உள்ளுக்குள்ளயே ஒரு ரூல் இருந்துச்சு. 1964ல பான்டியாக் ஆளுங்க, டெம்பஸ்ட் காருக்குள்ள 389 இன்ஜினைத் தூக்கி வெச்சு, "இது ஆப்ஷன் சார், புது மாடல் இல்ல"ன்னு சமாளிச்சு வித்தாங்க. அதுதான் நீங்க ஜொள்ளு விடுற ஜி.டி.ஓ.! அதையே நம்ம ஊர்ல ஒரு மெக்கானிக் பண்ணா "இல்லீகல் மாடிஃபிகேஷன்".

சரி, நம்ம ஏரியாவுல என்ன குறைச்சல்? பாடியில இருக்கற சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990கள்ல ஜி.எம்.மோட ரேடியேட்டர் மூடி செய்யற லைனையே இங்கிலாந்துல இருந்து வாங்கிட்டு வந்து, அமெரிக்க ஜி.எம்.முக்கே மூடி சப்ளை பண்ணுச்சு. பக்கத்துலயே பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபேக்டரி. அம்பத்தூர் எஸ்டேட் உள்ள போனா சந்துக்குச் சந்து லேத்து, மில்லிங், ஃபவுண்டரி. தேஞ்சு போன புஷ்ஷைக் கையில குடுத்தா, அளவெடுத்து அதே மாதிரி கடைஞ்சு குடுக்கற ஆளுங்க இருக்காங்க. இல்லாத சாமான் புதுப்பேட்டையில கெடைக்கும். எடல்பிராக் மாதிரி ஆளு இங்க தெருவுக்குப் பத்து பேரு. ஆனா அவங்க செஞ்ச பார்ட்டைப் பேரு போட்டு விக்க வழியில்லை. வழியை அடைச்சு வெச்சிருக்கறது சட்டம்.

2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வெச்சு, தயாரிப்பாளர் குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கான்டெசாவை 2002லயே நிறுத்தியாச்சு. பார்ட்டு குடுக்க ஆள் இல்லை, வேற பார்ட்டு போடவும் கூடாது. அப்ப வண்டிக்கு என்ன வழி? காயலான் கடை.

2021 ஜூலையில வின்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்துச்சு. 'வி.ஏ.'ன்னு தனி நம்பர், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனா முதல் பதிவுல இருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும், இன்ஜின், சேஸி, பாடி எதுலயும் பெருசா கை வெச்சிருக்கக் கூடாது. கணக்குப் போடுங்க. 1984ல பதிஞ்ச முதல் கான்டெசா 2034லதான் வின்டேஜ் ஆகும். 2002ல பதிஞ்சது 2052ல! அதுவரைக்கும்? 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 10,000 ரூபாய். 5 வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, 20 வயசுல இருந்து 50க்குள்ள 6 தடவை, மொத்தம் 60,000. பசுமை வரி, எஃப்.சி. அலைச்சல் எல்லாம் தனி. இம்பாலா வெச்சிருக்கற கோடீஸ்வரனுக்கு வி.ஏ. நம்பர், கான்டெசா வெச்சிருக்கற மெக்கானிக்குக்கு அபராதம். நல்லா இருக்குய்யா நியாயம்!

கலிஃபோர்னியாவுல 25 வருஷம் ஆன காரே 'வரலாற்று வாகனம்' ஆக வழியிருக்கு. ஜெர்மனியில 30 வருஷம். நமக்கு மட்டும் ஏன் 50?

"பழைய கார் புகை கக்கும், குழந்தைங்க நுரையீரல் என்னாகறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அமெரிக்காவுலயே புகை விஷயத்துல ரொம்பக் கெடுபிடி பண்ற மாநிலம் கலிஃபோர்னியாதான். அவங்க மாடிஃபிகேஷனை மொத்தமா தடை பண்ணலை. பார்ட்டைக் கொண்டா, டெஸ்ட் பண்றேன், புகை கூடலைன்னா நம்பர் போட்டு சர்ட்டிபிகேட் தர்றேன்னு சொல்றாங்க. 'பழைய பிரேக், சேஃப்டி இல்லை'ங்கறவங்களுக்கும் அதே பதில்தான். நல்ல டிஸ்க் பிரேக் மாட்ட விட்டாத்தானே சாமி சேஃப்டி வரும்? அதையும் சோதிச்சுப் பார்த்து அனுமதி குடுங்க. சோதிக்க இடம் வேணுமா? பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வழியா போனா ஒரகடத்துல மத்திய அரசோட வாகன ஆராய்ச்சி மையமே இருக்கு.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. 2025 மார்ச்சுல பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவோட 248 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டுச்சு. எதுக்கு? டி-72 டாங்கியில இருக்கற 780 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துட்டு 1,000 குதிரைத்திறன் இன்ஜின் வைக்க. அந்தத் தொழில்நுட்பம் எங்க வருது? நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு! பழைய உடம்பு நல்லா இருக்கு, இன்ஜினை மட்டும் மாத்தினா இன்னும் பல வருஷம் ஓடும்னு அரசாங்கத்துக்கே தெரியுது. 40 டன் டாங்கிக்கு ஆவடியில செய்யற அதே வேலையை ஒன்றரை டன் காருக்கு அம்பத்தூர்ல செஞ்சா குத்தமா?

நான் கேக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, 30 வருஷம் தாண்டின, ஒழுங்கா பராமரிக்கற வண்டிக்குத் தனி வகுப்பு, நியாயமான கட்டணம். ரெண்டு, சோதிச்சுத் தேறின பார்ட்டுக்கும் இன்ஜினுக்கும் அனுமதி. தேறலைன்னா தாராளமா உடைங்க, நான் கேக்க மாட்டேன்.

இது வெறும் ஏக்கம் இல்லை. கான்டெசாவோட கியர் பாக்ஸை கண்ணை மூடிட்டுப் பிரிச்சு மாட்டற மெக்கானிக்குங்க எல்லாம் இப்ப அறுபதைத் தாண்டிட்டாங்க. அவங்க பசங்க நம்மள மாதிரி பொட்டி தட்டப் போயிட்டாங்க. 2034ல வண்டி வின்டேஜ் ஆகும்போது அதைத் தொறக்கத் தெரிஞ்ச கை இருக்காது. மிச்சம் மீதி ஒண்ணு ரெண்டு ஏதாவது ரிசார்ட் வாசல்ல பொம்மையா நிக்கும். அப்ப அது முன்னாடி நின்னு போட்டோ புடிச்சு "என்னா டிசைன்யா"ன்னு பதிவு போடப் போறதும் நாமதான்.

டிஸ்கி: 'கான்டெசா மசில் கார் இல்லை'ன்னு மட்டும் சொல்ல வர்றவங்க, மூணாவது பத்தியைப் படிச்சுட்டு வாங்க. மத்தவங்க கும்மலாம்.