பழமும் காயும் பட்டதாரியும்

நம் மன்றத்து மேடையில் உழவைப் பற்றி யார் பேச எழுந்தாலும் கைத்தட்டலுக்குக் குறைவில்லை. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்று நினைவூட்டாமல் எந்தப் பேச்சும் முடிவதில்லை. ஆனால், பேசியவரும் கேட்டவரும் விடுதிக்குத் திரும்பியதும் கையில் எடுப்பதோ வங்கித் தேர்வு வழிகாட்டி! பொறியியலும் பொருளியலும் பயில்வோர் அப்படிச் செய்தால் வியப்பில்லை. தோட்டக்கலை படிக்கும் நாங்களே அப்படித்தான் இருக்கிறோம். முதுநிலை வகுப்பில், "படித்து முடித்ததும் காய்கறி பயிரிடப் போகிறேன்" என்று நான் சொன்னால், வேறு வழி கிடைக்கவில்லையா என்று அனுதாபத்தோடு கேட்கிறார்கள்.

வங்கி வேலையை நான் பழிக்க வரவில்லை. வேளாண் அலுவலராக வங்கியில் அமர்ந்து, கடன் கேட்டு வரும் உழவனின் கணக்கைப் புரிந்துகொள்பவர் ஒருவர் இருப்பது நல்லதே. ஆனால், நான்கு ஆண்டுகள் ஒட்டுக் கட்டவும் நோய் அறியவும் கற்றவர்கள் அத்தனை பேரும் மேசைக்கு ஓடுவானேன் என்பதுதான் என் கேள்வி.

தொழில் நலிந்ததா என்றால் இல்லை. 2012-13 முதல் நம் நாட்டில் தோட்டக்கலைப் பயிர்களின் விளைச்சல் உணவு தானிய விளைச்சலைத் தாண்டி நிற்கிறது. 2022-23இல் அது 35 கோடி டன்னுக்கும் மேல். பழத்திலும் காய்கறியிலும் சீனத்துக்கு அடுத்த இடம் நமக்கே.

படிக்கும் வழிகளும் பலருக்குத் தெரியாதவை அல்ல. கோவையிலும் பெரியகுளத்திலும் தோட்டக்கலைக் கல்லூரிகள் உண்டு. மகளிருக்கெனத் திருச்சியில் ஒன்று உண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. பிளஸ் டூவோடு நின்ற தம்பி தங்கைகளுக்கு இரண்டாண்டு டிப்ளமா இருக்கிறது. உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்கு அதுவே தகுதி. ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களுக்குப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967இல் தோன்றிய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், திருச்சியில் 1993இல் தொடங்கிய வாழை ஆராய்ச்சி மையம் இவையெல்லாம் உள்ளன. இவ்வளவு ஏன், நாம் வாழும் இந்தக் காசிக்கு அருகிலேயே, ஜக்கினியில், நாட்டின் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. விசுவநாதர் கோயிலுக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அங்கே ஒருமுறையேனும் போயிருக்கிறோம்?

"நிலம் இல்லையே, முதல் இல்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாந்தோப்பு வைக்கிறேன் என்று கிளம்பினால் ஒட்டுக் கன்றும்கூட நாலைந்து ஆண்டு காத்திருக்கச் சொல்லும். திசு வளர்ப்பு வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டு. முதல் இல்லாதவன் இவற்றில் கை வைக்கலாகாது. அவனுக்கு ஏற்ற தொழில் நாற்றங்கால் என்பது என் துணிபு.

கணக்கைப் பாருங்கள். ஒரு குழித்தட்டில் 98 குழிகள். தென்னை நார்க் கழிவை மட்கச் செய்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. தக்காளி நாற்று 25 நாள் அளவில் நடவுக்கு வந்துவிடும். பத்து சென்ட் நிழல்வலைக் கூடத்தில் நடைபாதை போக ஒரு தவணைக்கு லட்சம் நாற்று நிற்கும். வேர் கலையாமல் வருவதால் உழவரும் இதையே விரும்புகிறார். இன்னும் ஒரு படி மேலே போனால் ஒட்டு நாற்று. நம் வீட்டு வற்றலாகும் சுண்டைச் செடி இருக்கிறதே, அதன் தண்டில் கத்தரியை ஒட்டினால் வேரைத் துளைக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் எளிதில் அண்டா. இதற்குப் பெரிய நிலம் வேண்டாம். கூரிய பிளேடும், ஈரப்பதம் காக்கும் சிறு கூடமும், பழகிய விரல்களும் வேண்டும். அந்த விரல்களைத்தான் நம் கல்லூரிகள் பழக்கிவிட்டுப் பிறகு பேனா பிடிக்க அனுப்புகின்றன.

பணத்துக்கும் வாசல் இல்லாமல் இல்லை. 2002இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் மருந்தக, வேளாண் தொழில் மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி இலவசம். பிறகு தனியொருவர் 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்குக் கடன் கேட்கலாம். மானியம் பொதுவாக 36 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 44. தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்க்குச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு முழு மானியமே உண்டு. கடன் கடன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால், வெளிநாட்டுப் படிப்புக்கு இதைவிடப் பெருந்தொகையைக் கடன் வாங்கத் தயங்காத குடும்பங்கள் நாற்றங்காலுக்கு என்றால் மட்டும் நடுங்குவது விந்தையே.

இனி, எனக்கு உண்மையில் அச்சம் தரும் இடத்துக்கு வருகிறேன். விளைவிப்பது எங்களுக்குத் தெரியும்; விற்பது தெரியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையைக் கண்டு நட்டவர்கள் செப்டம்பரில் அறுவடை செய்தபோது கூலிக்கும் கட்டவில்லை. பாடத்தில் பூச்சிக்கு ஒரு தாள் உண்டு, மண்ணுக்கு ஒரு தாள் உண்டு. இந்த வீழ்ச்சிக்கு ஏடு திறந்து விடை காட்டுவோர் இல்லை. சந்தைப் பொருளியல் என்று ஒரு பாடம் இருக்கிறதே என்பீர்கள். கமிஷன் மண்டியில் தரம் பிரிப்பதையும், கூடைக்குக் கழிவு பிடிப்பதையும், எந்த ஊர் லாரி வந்தால் விலை இறங்கும் என்பதையும் எந்தப் பாடம் கற்றுத் தந்தது? ஒட்டன்சத்திரத்திலோ கோயம்பேட்டிலோ ஆறு மாதம் கணக்கு எழுதிய பையனுக்குத் தெரிந்தது, பதக்கம் வாங்கிய எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே பட்டம் பெற்றவர் சொந்தப் பணத்தைப் போடுமுன் ஓராண்டு நாற்றங்காலிலும் ஓராண்டு மண்டியிலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும் என்பேன். சம்பளம் சிறிதாகத்தான் இருக்கும்.

இங்கேதான் மற்றத் துறை நண்பர்களும் வேண்டியிருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் தக்காளியில் 12 விழுக்காட்டுக்கு மேலும், கொய்யாவில் 16 விழுக்காட்டுக்கு அருகிலும் வீணாவதாக 2015இல் வெளியான அரசு ஆய்வு அளந்து சொன்னது. (பாதி அழுகுகிறது என்று மேடையில் முழங்குவோர் இதைப் படிப்பது நலம்.) அந்த இழப்பைக் குறைப்பது குளிர்பதனம் அறிந்த பொறியாளனின் வேலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பத்தாயிரம் அமைக்க 2020இல் திட்டம் வந்தது. தலைமை நிருவாகிக்குச் சம்பளம் கொடுக்கவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். வணிகவியல் படித்த தோழர் அதற்குப் போகலாமே!

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். "நாங்கள் சேற்றில் பட்டது போதும், நீயாவது நிழலில் இரு" என்று சொல்லும் தந்தையோடு வாதாட எனக்கு மனம் வருவதில்லை. அவர் கண்டது பொய்யன்று. அவரிடம் உழவின் பெருமையைப் பேசாமல், ஒரு தவணை நாற்றின் வரவு செலவைத் தாளில் எழுதிக் காட்டுவது மேல்.

மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சாரநாத்துக்கே சுற்றுலா போகிறோம். இம்முறை விடியுமுன் பஹாரியா மண்டிக்குப் போய், பிறகு ஜக்கினிக்குச் செல்லலாம். இந்தி வராதவர்கள் தயங்க வேண்டாம். எண்கள் தெரிந்தால் போதும்; மண்டியில் பாதிப் பேச்சு எண்களில்தான்.