சரணடைதல் எண்ட சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பாவிப்பம்

எங்கட ஆராதனைகளில் பாட்டு மெதுவாகிக் கீபோர்ட் மட்டும் கேட்கிற நேரத்தில் அநேகமாக இப்படி ஒரு அழைப்பு வரும்: "இரண்டு கைகளையும் உயர்த்துங்கள், உங்களை முழுமையாக ஆண்டவரிடம் சரணடையக் கொடுங்கள்." எல்லாரும் கையை உயர்த்துவம். உயர்த்தின கை சரணடைவின் அடையாளம் எண்டு யூத் கேம்ப்களில் விளக்கமும் தருவினம். விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் 2009ஐக் கடந்து வந்த ஆக்கள் இருக்கிற ஒரு வன்னிச் சபையில் நிண்டு இதைச் சொல்லும்போது, அதே சொல் வேற எங்கேயோ போய் விழுகிறது.

எங்கட சனத்துக்குச் "சரணடைதல்" எண்டால் முதலில் ஞாபகம் வருவது வட்டுவாகல் பாலம். 2009 மே 18. பிள்ளைகளையும் கணவன்மாரையும் தங்கட கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்ததாகக் குடும்பங்கள் இண்டைக்கும் சாட்சி சொல்கின்றன. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் சரணடைந்தவர்களோடு போனவர். அவரும் திரும்பி வரவில்லை. யார் யார் சரணடைந்தார்கள் எண்ட பட்டியலைக் கேட்டு உறவுகள் இன்னும் அலைகிறார்கள்.

அப்படியான ஒரு அம்மாவிடம் போய், "எல்லாத்தையும் கர்த்தரிட்ட ஒப்படைச்சிட்டுச் சமாதானமா இருங்கோ" எண்டு சொல்லுறது எங்களுக்கு மிகச் சுலபமாக வருகிறது. அவ ஏற்கனவே ஒருக்கா நம்பி ஒப்படைச்சவ. ஒப்படைச்சதுக்குப் பிறகுதான் எல்லாம் போனது. அந்தச் சொல் அவவுக்கு எப்படிக் கேட்கும் எண்டு யோசிச்சிட்டா நாங்கள் சொல்லுறம்?

நான் விசுவாசத்துக்கு எதிராக எழுதவில்லை. கடவுளிடம் தன்னைக் கொடுக்காமல் கிறிஸ்தவ வாழ்க்கை எண்டு ஒண்டு இல்லை எண்டுதான் நானும் நம்புறன். என்ர பிரச்சினை, சரணடைவு எண்டால் "கேள்வி கேட்காதே" எண்டு நாங்கள் படிப்பித்து வைத்திருப்பது.

கெத்செமனேயைப் பாருங்கள். எண்ணெய்ச் செக்கு எண்டதுதான் அந்தப் பேரின் அர்த்தம். இயேசு அங்கே போனவுடனே "சரி, உம்முடைய விருப்பம்" எண்டு சொல்லிவிட்டு எழும்பவில்லை. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கவேணும் எண்டு கேட்கிறார். மத்தேயுவும் மாற்கும் எழுதினபடி மூன்று தரம் போய் ஜெபிக்கிறார். லூக்கா, அவருடைய வியர்வை இரத்தத் துளிகள் மாதிரி விழுந்தது எண்டு எழுதுகிறார். கூட்டிக்கொண்டு போன சிநேகிதர்கள் நித்திரை. பிதாவின் சித்தத்துக்கு அவர் தன்னைக் கொடுத்தது இவ்வளவுக்கும் நடுவில்தான். எங்கட பிரசங்கங்களோ இந்த இரவின் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டிட்டு ஓடுகின்றன.

சங்கீதங்களும் அப்படித்தான். 150இல் பெரிய பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட வராமல் இருட்டிலேயே முடிகிறது. அதை வேதாகமத்திலிருந்து ஒருத்தரும் எடுத்துவிடவில்லை, ஆனால் சபையில் அதை வாசிக்கக் கேட்டவர்கள் எத்தனை பேர்? யோபுவின் கதையில் கடவுளுக்காக வக்காலத்து வாங்கின சிநேகிதர்கள்தான் கடைசியில் ஏச்சு வாங்குகிறார்கள். சண்டை பிடித்த யோபு சரியாகப் பேசினான் எண்டு கடவுளே சொல்கிறார். "இதில ஏதோ ஒரு தேவ திட்டம் இருக்கு" எண்டு மரணவீட்டில் கதைக்கிற எங்கள் எல்லாருக்கும் அந்த 42ஆம் அதிகாரம் கொஞ்சம் பயமாக இருக்கவேணும்.

கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போன அம்மா அப்பாமார் பலர். சில விசுவாசிகள், "இன்னும் றோட்டில இருக்கிறது விசுவாசக் குறைவு, கடவுளிட்ட விடவேணும்" எண்டு கதைக்கிறதை நான் கேட்டிருக்கிறன். லூக்கா 18இல் ஒரு விதவை வருகிறா. கடவுளுக்கும் பயப்படாத, மனிசரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போறா. அவன் ஆக்கினை தாங்காமல்தான் நியாயம் செய்ய ஒத்துக்கொள்கிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிக்கிறதுக்கு இயேசு காட்டின உதாரணம் அந்த மனிசிதான். கதையை முடிக்கும்போது, நான் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பேனோ எண்டும் கேட்கிறார். வெயிலிலும் மழையிலும் படத்தோடு இருக்கிற அம்மாக்களைத் தாண்டிப்போய் அவர் வேற எங்கே விசுவாசத்தைத் தேடுவார் எண்டு எனக்குத் தெரியாது. அவர்களில் கனபேர் சைவக்காரர் எண்டதும் எனக்குத் தெரியும்.

சில அம்மாக்கள் தாங்களாகவே "கடவுளிட்ட விட்டிட்டன் பிள்ளை" எண்டு சொல்லுவினம். அதை மதிக்கவேணும். பல வருஷம் அழுது, ஒவ்வொரு ஆணைக்குழுவாக ஏறி இறங்கின ஒராள் சொல்லேக்க அது விசுவாசம். ஒண்டையும் இழக்காத நாங்கள் அதை அவவுக்குச் சொன்னால், அவவின் கேள்வி எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கு எண்டுதான் அர்த்தம்.

(எங்கட வயசுக்காரருக்கு இந்தப் பாடம் அனேகமாக இசட் ஸ்கோர், வேலை, விசா எண்டுதான் வரும். அதிலும் இதே கதைதான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" எண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்குள்ள நித்திரை இல்லாமல் கிடக்கிறதைவிட, பயமாக இருக்கு எண்டு அவரிடமே சொல்லுறது நம்பிக்கைக்குக் கிட்ட.)

ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டில் சோதினை எழுதுகிற பிள்ளைகளுக்கும் வெளிநாடு போகிறவைக்கும் ஜெபிக்கிறம். அதே மன்றாட்டில் சபையிலுள்ள குடும்பங்களின் காணாமல் ஆக்கப்பட்டவர்களை, அந்த வீட்டார் விரும்பினால், பேர் சொல்லி ஜெபிக்கலாம். அவர்கள் எங்கே எண்டு கடவுளிடம் சத்தமாகக் கேட்கலாம். பத்து நிமிசம் கூடப் போகும், பரவாயில்லை. கீபோர்ட்காரர் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.