'எஞ்சாய் எஞ்சாமி': ஆட வைத்த பாட்டுக்குள் மறைந்திருக்கும் மலையகக் கதை என்ன?

2021 மார்ச்சில் யூடியூபில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்கு ஆடாத கல்யாண வீடே இல்லை எனலாம். சந்தோஷ் நாராயணன் இசையில் தீ, அறிவு பாடிய இந்தப் பாட்டு, கேட்க ஜாலியானதுதான். ஆனால் அறிவு எழுதிய வரிகளைக் கவனித்தால், நடுவில் ஒப்பாரியே கேட்கும். கொண்டாட்டத்துக்குள் ஒப்பாரி எதற்கு?

யார் அந்த 'எஞ்சாமி'?

'என் சாமி' என்பதன் பேச்சு வழக்குதான் எஞ்சாமி. கூலி வேலை பார்த்தவங்க நிலத்துக்காரரைக் கும்பிட்டுக் கூப்பிட்ட சொல்தான் 'சாமி'. அதே சொல்லை வைத்துத்தான் பாட்டிகள் பேரனைக் கொஞ்சுவாங்க. பணிந்து சொன்ன வார்த்தை, பாட்டில் பாசமாக மாறுகிறது.

பாட்டி யார்?

அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கை தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு தமிழ்நாடு திரும்பியவர். மரம் வளர்த்து, தோட்டம் போட்டவருக்கு அதன் பலன் கிடைக்கவில்லை என்பதுதான் ஒப்பாரியின் பொருள்.

ஏன் திரும்பினாங்க?

ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்தின் ஏழைக் குடும்பங்கள் இலங்கை மலைகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டன. காட்டை அழித்து முதலில் காபி, பிறகு தேயிலை பயிரிட்டவர்கள் இவர்கள்தான். சுதந்திர இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். உழைத்த மக்களிடம் யாரும் கருத்து கேட்கவில்லை. திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய 'டான்டீ'.

இப்போது வரிகளின் அர்த்தம் என்ன?

மரம், பறவை, விலங்கு என்று பாட்டில் வரிசையாக வருவது சும்மா அழகுக்காக இல்லை. இந்த மண் எல்லா உயிருக்கும் பொது, முன்னோர் அதை உனக்காக விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நிலமே இல்லாத ஒரு பாட்டி பேரனிடம் சொல்வதுதான் இதன் உள்ளர்த்தம்.

சர்ச்சை எதற்கு?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இடம்பெற்றார், அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. இது கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தார்.

உழைத்தவரின் பெயர் எங்கே என்று கேட்கும் பாட்டைச் சுற்றியே அந்தக் கேள்வி எழுந்ததால்தான் விவாதம் இவ்வளவு சூடானது. 2024-ல் வந்த அறிவின் ஆல்பத்துக்குத் தலைப்பு: 'வள்ளியம்மா பேராண்டி'. இந்த முறை பாட்டியின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.