கொரோனா பேட்ச்சும் 'ஒழுங்கா நடத்தாத' வாத்தியாரும்

1/ "நாங்க கொரோனா பேட்ச் சார், எங்களுக்கு யாரும் ஒழுங்கா நடத்தல." பிள்ளைகளும் சொல்றாங்க, பெற்றோரும் சொல்றாங்க. பாடம் சரியா போய்ச் சேரலைங்கிறது உண்மைதான். ஆனா ஏன் சேரல? ஒரு அரசு மருத்துவரா என் பார்வையைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ முதலில் காலக்கணக்கு. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. இறுதியாண்டுக்கு டிசம்பரிலும், மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியிலும் திறந்தன. மார்ச்சிலேயே மறுபடி மூடல், செப்டம்பரில் திறப்பு. 2019-ல் மூன்றாண்டு டிகிரி சேர்ந்தவருக்குக் கிட்டத்தட்ட பாதிப் படிப்பு செல்போனில்தான்.

3/ வகுப்பறையில் ஆசிரியர் முகங்களைப் பார்த்துத்தான் நடத்துவார். கடைசி பெஞ்ச் பையன் முழிக்கிற முழியைப் பார்த்தே, "சரி, இன்னொரு தடவை சொல்றேன்" என்பார். போனில் முகம் இல்லை. வட்டத்துக்குள் பெயரோட முதல் எழுத்துதான். "கேக்குதா? புரியுதா?"ன்னு கேட்டா பதிலே வராது.

4/ நோயாளியைத் தொட்டுப் பார்க்காம, நாடி பிடிக்காம வைத்தியம் பார்க்கிற மாதிரிதான் இது. ஆனா எங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 2020 மார்ச் 25-ல் டெலிமெடிசின் வழிகாட்டுதல் வந்தது. எந்த மருந்தை போனில் எழுதலாம், எதை எழுதவே கூடாது, எப்போது நேரில் வரச் சொல்லணும்னு வரையறை சொன்னாங்க.

5/ கல்லூரி ஆசிரியர் பலருக்குக் கிடைச்சது என்ன? அதே பழைய டைம்டேபிள், கூடவே ஒரு மீட்டிங் லிங்க். போனில் எது முடியும், எது முடியாதுன்னு பிரிச்சுக் கொடுக்காம, எல்லாத்தையும் போனிலேயே நடத்தச் சொல்லிட்டு, அப்புறம் "நடத்தல"ன்னா எப்படி?

6/ சிலது போனில் முடியவே முடியாது. அந்த வருஷங்களில் படிச்சுட்டு வார்டுக்கு வந்த பயிற்சி மருத்துவர்களைப் பார்த்திருக்கேன். கல்லீரல் வீக்கத்துக்குக் காரணங்களைக் கடகடன்னு சொல்வாங்க. வயிற்றில் கை வைக்கச் சொன்னா தயங்குவாங்க. பாடம் நடத்தியாச்சு, கைக்குத்தான் பழக்கம் இல்லை. சில வாரம் நோயாளிகளோடு இருந்ததும் கை பழகிடுச்சு.

7/ அடுத்து உடம்பு. எதிரில் பதில் வரலன்னா நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். தினமும் நாலைந்து மணிநேரம் அப்படிப் பேசினா தொண்டை என்னாகும்? இது ஆசிரியர்களுக்கு எப்போதும் பொருந்தும்: குரல் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தா காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. மிளகு பால் குடிச்சே காலம் தள்ளாதீங்க.

8/ தொற்று வந்து போனவங்க நிலைமை இன்னும் மோசம். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் நீண்டகால கோவிட் பாதிப்புக்கு வரையறை கொடுத்தது. சோர்வு, மூச்சுத்திணறல், மறதி, கவனக்குறைவு எல்லாம் அதில் இருக்கு. வார்த்தையே தொழிலா இருக்கிறவருக்கு நடுவகுப்பில் வார்த்தை வராம நின்னா அது சோம்பேறித்தனம் இல்லீங்க.

9/ வீட்டுச் சூழலையும் சேர்த்துக்கோங்க. ஒரே போன், அதில் அம்மா வகுப்பு எடுக்கணும், பிள்ளை வகுப்பு கேட்கணும். பல சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் குறைஞ்சது, சிலருக்கு வேலையே போச்சு. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா தர்றதா அரசு அறிவித்தது. நல்ல திட்டம். நடத்துறவங்களையும் அதே மாதிரி நினைச்சிருக்கணும்.

10/ "பிடிஎஃப் அனுப்பிட்டுக் காணாமப் போனவங்களும் இருந்தாங்களே சார்?" இருந்தாங்க, மறுக்கல. ஆனா தெருவில் ஒருத்தருக்கு வயித்துப்போக்குன்னா அவர் என்ன சாப்பிட்டார்னு விசாரிப்போம். தெருவே படுத்துட்டா தண்ணித்தொட்டியைத்தான் ஏறிப் பார்ப்போம். 2019-ல் நல்லா நடத்தினவர் 2020-ல் தடுமாறினா, பார்க்க வேண்டியது தொட்டியை.

11/ அடுத்து பெருந்தொற்றுதான் வரணும்னு இல்லை. 2015 சென்னை வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் கல்லூரிகளை மூடினோம். அதனால இப்பவே முடிவு பண்ணி வைக்க வேண்டியவை:
• எந்தப் பாடம் ஆன்லைனில், எது நேரில் மட்டும் என்ற பட்டியல்
• திறந்ததும் முதலில் லேப், செய்முறை, சின்னக் குழுக்களா
• 60 பேருக்கு ஒரு மணிநேரச் சொற்பொழிவுக்குப் பதில், 15 பேரோடு 20 நிமிஷ உரையாடல்
• நோயிலிருந்து மீண்டவருக்கு வகுப்புகளைப் படிப்படியா கூட்டுவது
• மூடின மாதங்களுக்கும் சம்பள உறுதி

12/ கல்லூரி நிர்வாகங்களுக்கு: அந்த ரெண்டு வருஷ மதிப்பெண்ணையும் மாணவர் கருத்துப் படிவத்தையும் வச்சு யாரோட ஊதிய உயர்வையும் நிறுத்தாதீங்க. வேலை கொடுக்கிறவங்களுக்கு: "கொரோனா பேட்ச்சா"ன்னு சிரிச்சுத் திருப்பி அனுப்பாதீங்க. சில வாரம் கைப்பயிற்சி கொடுத்துப் பாருங்க. வார்டில் அது பலிச்சதைக் கண்ணால பார்த்தவன் சொல்றேன்.

13/ போனில் எதுவரைக்கும் போகலாம்னு எங்களுக்கு ஊரடங்கு தொடங்கின நாளிலேயே சொல்லிட்டாங்க. அடுத்த முறை ஆசிரியர்களுக்கும் அப்படிச் சொல்லணும். இதைப் படிக்கிற ஆசிரியர்கள், போனில் நடத்தவே முடியாமப் போன பாடம் எதுன்னு கீழே எழுதுங்க. பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.