பனிமூட்டமும் மூடுபனியும் ஒன்றல்ல

குளிர்காலக் காலைகளில் கண்ணை மறைக்கும் வெண்திரை எதுவாயினும் அது நீராவியே என்றும், குளிர் மிகுவதே அதற்குக் காரணம் என்றும், பனிமூட்டம், மூடுபனி என்பன அதற்கு வழங்கும் இரு பெயர்களே என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. இம்மூன்று கருத்துகளையும் வானிலையியல் ஏற்பதில்லை.

முதலாவதாக, நீராவி என்பது கண்ணுக்குப் புலப்படாத வாயு. கொதிக்கும் கெண்டியின் மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்திற்கு எதுவும் தெரியாமல், அதற்கு அப்பாலேயே வெண்மை தோன்றுவது, ஆவி குளிர்ந்து நீர்த்திவலையான பின்னரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பதற்குச் சான்றாகும். மூடுபனி அத்தகைய திவலைகளின் தொகுதி. ஆவி திவலையாகப் பற்றிக்கொள்ள ஒரு நுண்துகள் வேண்டும் என்பதை ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் எயிட்கன் 1880-இல் சோதனைகளால் விளக்கினார். ஒடுக்க உட்கரு எனப்படும் இத்துகள் கடலுப்பாகவோ, தூசாகவோ, புகையாகவோ இருக்கலாம். போகிப் பண்டிகைக் காலையில் சென்னையில் பார்வைத் தூரம் சுருங்கி விமானங்கள் தாமதமாவதற்கு, எரிப்பில் எழும் புகைத்துகள்கள் ஈரக்காற்றோடு சேர்வதே காரணம்.

இரண்டாவதாக, குளிர் மட்டும் மூடுபனியை உண்டாக்குவதில்லை. காற்றிலுள்ள ஆவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை பனிப்புள்ளி எனப்படும். காற்றின் வெப்பநிலை அதை நெருங்குகிறதா என்பதே முடிவு செய்யும் காரணி. வறண்ட காற்றில் கடுங்குளிரிலும் வானம் தெளிவாக இருக்கக்கூடும். மாறாக, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில், வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தின் மேல் வீசுவதால், கோடையிலேயே மூடுபனி மிகுதியாக உருவாகிறது. கங்கைச் சமவெளியின் குளிர்கால மூடுபனிக்கும் குளிரோடு தெளிந்த இரவு வானம், அசைவற்ற காற்று, நிலத்தின் ஈரம் ஆகியவை கூடிவர வேண்டும்.

மூன்றாவது கருத்தே நடைமுறையில் தீங்கு விளைவிப்பது. கிடைமட்டப் பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி, அதற்கு மேலிருந்தால் பனிமூட்டம் என்பது பன்னாட்டு வரையறை. இந்த எல்லை மனிதர் வகுத்ததே என்று வாதிடலாம், அது உண்மையே. ஆனால் அதன் இரு பக்கங்களிலும் காற்றின் உள்நிலை பெரும்பாலும் வேறுபடுகிறது. பனிமூட்டத்தில், ஒப்பு ஈரப்பதம் நூறு விழுக்காட்டை எட்டாதபோதும், துகள்கள் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கின்றன. அவற்றில் பல, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமீட்டர் அளவையும் எட்டுவதில்லை. மூடுபனியிலோ காற்று செறிவுநிலையை அடைவதால், திவலைகள் பல மைக்ரோமீட்டர் அளவுக்கு விரைந்து வளர்கின்றன. எனவே வெப்பநிலை இன்னும் சிறிது தாழ்ந்தாலே பார்வைத் தூரம் சட்டென்று சரிந்துவிடக்கூடும்.

மூடுபனிக்குள்ளும் இந்திய வானிலை ஆய்வுத் துறை படிநிலைகளை வகுத்துள்ளது. 50 மீட்டருக்கு உட்பட்ட பார்வைத் தூரம் மிக அடர்ந்த மூடுபனியைக் குறிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த 50 மீட்டரை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் பொதுவாகப் ‘பனி’ என்று அறிவிப்பதை விடுத்து, பார்வைத் தூரத்தை மீட்டர் கணக்கில் சொல்வதே பொறுப்பான எச்சரிக்கையாகும்.